இடப்பக்கத்து ஆறு

ஒக்டோபர் 3, செவ்வாய்

கண் டொக்டரிடம் போய் வந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருந்த பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கனநேரம் ஒரு புள்ளியும் வரவில்லை. இயந்திரம் பழுதுபோல இருக்கிறது என்று அங்கே பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு மற்றக் கண்ணை வைக்கச் சொன்னாள். அதிலும் அதே பழுது.

டொக்டர் நேற்று மீசை முளைத்தவர். ஒரு படத்தைக் காட்டி, கறுப்பாக இருப்பது இது, சாம்பலாக இருப்பது அது என்று நீளமாக விளங்கப்படுத்தினார். கடைசியில், வீட்டில் வேறு யாராவது கார் ஓட்டுவார்களா என்று கேட்டார். ஆயுளில் பாதியை ரொறன்ரோ விமான நிலையத்து டாக்சியில் கழித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரு கீறல் இல்லாமல் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான்.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கமலாசினி கேட்டாள்.

"துளிமருந்து விடட்டாம்."

அது பொய்யில்லை.

ஒக்டோபர் 6, வெள்ளி

பேத்தி பிறந்து ஒரு கிழமை ஆகப்போகிறது. நாள் வருமுன்னமே வெட்டி எடுத்ததால் இன்னும் ஹலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மருமகன் நிரோஜன் கப்பலில் எஞ்சினியர், மாதக் கடைசியில்தான் கரைக்கு வருவான். மகள் ஆரணி வயிற்றில் தையலோடு தனியே கிடக்கிறாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிதான் அவளை ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருகிறாளாம்.

விமானத்தில் போவோம் என்றாள் கமலாசினி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிருந்து ஹலிஃபாக்ஸுக்குக் காரில் மூன்று நாள். அதெல்லாம் ஒரு ஓட்டமா? பிள்ளைப்பெத்தவளுக்குச் சரக்குத்தூள், பால்சுறா, நல்லெண்ணெய், முருங்கையிலை எல்லாம் கொண்டுபோக வேண்டும். பால்சுறாவை விமானத்தில் ஏற்றினால் அந்த மணத்துக்கு நடுவானில் எங்களை இறக்கிவிடுவார்கள்.

உண்மைக் காரணம் வேறு. ஆரணி பிறந்தபோது எனக்கு இந்த நாட்டில் காரில்லை. உறைபனி நாளொன்றில் அவளைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கமலாசினிக்குத்தான் ஒருவர் எழும்பி இடம் தந்தார். என் பிள்ளையின் பிள்ளை என் காரில், என் கையால் வீட்டுக்கு வரவேண்டும் என்று அந்த பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டேன். அதை எவன் தடுப்பது?

ஒக்டோபர் 10, செவ்வாய்

எண்ணெய் மாற்றியாயிற்று. டயர் பார்த்தாயிற்று. தை மாதம் கராஜ் தூணில் உரசியதில் மாற்றிப் போட்ட இடப்பக்கக் கண்ணாடி இன்னும் கொஞ்சம் ஆடுகிறது, அதையும் இறுக்கினேன். அந்தத் தூணைக் கட்டியவன் தூக்குநூல் பிடித்துக் கட்டவில்லை.

கமலாசினி புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறாள், தட்டையான ஓட்டச் சப்பாத்து. சேலையோடு அதைப் போட்டால் கோமாளி மாதிரி இருக்கும் என்றேன். சேலை கட்டவில்லை என்றாள்.

ஒக்டோபர் 11, புதன். ட்ரமண்ட்வில்

டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பிள்ளையாருக்கு ஒரு பூவும் வைத்துவிட்டு வெளிக்கிட்டோம். ஸ்காபரோவிலிருந்து ஓஷாவா தாண்டும்வரை 401 நெடுஞ்சாலையில் ஊர்வலம்தான். ஏன் நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியாது, திடீரென்று எல்லாரும் ஓடுவார்கள். கிங்ஸ்டனுக்குப் பிறகு வீதி விட்டுக்கொடுத்தது. இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவந்துபோய் நின்றன.

கமலாசினி வழியெல்லாம் பலகை வாசித்துக்கொண்டு வந்தாள். "பெலவில் வருது." "இதில வேகம் குறையுது." "வலப்பக்கத்தால ஒருத்தர் ஏறுறார்." "இடப்பக்கம் லொறி." வானொலி வேண்டாம், இவளே போதும். முந்தியெல்லாம் ஏறி இருந்தவுடன் நித்திரையாகிவிடுவாள். இன்று கண் மூடவேயில்லை. அது மட்டுமில்லை, முன்னுக்குப் போகிற காரில் முட்டுகிற மாதிரிப் போகாதேங்கோ, இரண்டு செக்கன் விடுங்கோ என்கிறாள்.

"உமக்கு ஆர் உது சொல்லித் தந்தது?"

"டிவியில போனது."

கோர்ன்வோலுக்குக் கிட்ட இடப்பக்கப் பாதைக்கு மாறும்போது ஒரு லொறிக்காரன் காதடைக்க ஹோன் அடித்தான். எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. கியூபெக் இலக்கத்தகடு, வேறென்ன. கமலாசினி என் கையைப் பிடித்துவிட்டு உடனே எடுத்துவிட்டாள். 

கியூபெக்கில் வீதி வேலைக்கு வைக்கிற செம்மஞ்சள் கூம்புகளைத் தவிர வேறு பயிர் செய்கிறார்களில்லை. பலகைகளில் எழுத்துகளும் சின்னன்.

ஒக்டோபர் 12, வியாழன். வூட்ஸ்டொக், நியூ பிரன்ஸ்விக்

காலைச் சூரியன் நேரே முகத்தில். கிழக்கே போகிறவனுக்கு அது தண்டனை. கியூபெக் நகரைத் தாண்டிய பிறகு கமலாசினி, "இஞ்சருங்கோ, ஆத்தைப் பாத்தியளே?" என்றாள்.

"எந்த ஆறு?"

"இவ்வளவு நேரமும் உங்கட இடப்பக்கம்தானே வருது."

தலையை முழுதாகத் திருப்பினேன். கடல் மாதிரி ஒரு ஆறு. அக்கரையில் நீல மலைகள், நடுவில் தீவுகள், ஒரு கப்பல்கூடப் போகிறது. எவ்வளவு தூரமாய் எங்களோடு கூட வந்ததோ தெரியாது. நான் வீதியைப் பார்த்து ஓட்டுகிறவன், வேடிக்கை பார்க்கிறவன் இல்லை. அப்படித்தான் அவளுக்கும் சொன்னேன்.

ரிவியேர் து லூவில் ஆற்றை விட்டுத் தெற்கே திரும்பினால் காடு. மூஸ் மான் பாயும், கவனம் என்று பலகைக்குப் பலகை. கண் கடுக்கத் தொடங்கியது. நியூ பிரன்ஸ்விக் எல்லை தாண்டி, ஓய்வுக்கு விட்டிருந்த இடத்தில் காரை விட்டேன். கார் மணிக்கூட்டில் ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம்.

"ஒண்டரைக்கு ராகுகாலம். இருந்து போவம்" என்றேன்.

கமலாசினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கத்தானே செய்வாள். செவ்வாய், வெள்ளி பார்க்கிற அவளை வாழ்நாள் முழுக்கப் பகிடி பண்ணியவன் நான். ராகுகாலம் பார்க்கிற டாக்சிக்காரன் பட்டினி கிடப்பான் என்று அவளுடைய தமையனுக்கு முன்னாலேயே சொன்னவன். இன்று எனக்கே ராகு வந்திருக்கிறார்.

"இஞ்ச மணி ஒரு மணித்தியாலம் கூட, அப்பா. என்ர போனில இப்ப ஒண்டு ஐம்பது. ராகுகாலம் துடங்கியே இருவது நிமிஷமாச்சு" என்றாள்.

"அப்ப இருந்துதான் போகவேணும்."

சீட்டைச் சாய்த்து, கண்ணுக்கு மேல் பொக்கெட் லேஞ்சியைப் போட்டுக்கொண்டு கிடந்தேன். பண்ணிசை வகுப்பில் படித்த தேவாரம் ஒன்று பாடும் என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கோயிலுக்குப் போய்ப் படிக்கிறாள், வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தொண்டை சரியில்லை என்றாள்.

அவளுடைய போனில் மூன்று மணியானதும், "முடிஞ்சுது, வெளிக்கிடுவம்" என்றாள். லேஞ்சியை எடுத்தேன். மரங்களின் ஓரங்கள் இன்னும் கரைந்தபடிதான் நின்றன.

"நாங்கள் ஒன்டாரியோ ஆக்கள். எங்கட மணிக்கூட்டில இப்பதானே ராகுகாலம் நடக்குது" என்றேன்.

"ரெண்டையும் பாப்பமோ?"

"பாத்தா என்ன நட்டம்?"

அவள் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒரே நாளில் இரண்டு ராகுகாலம் பார்த்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். அதனால் பிரெடரிக்டன் வரை போகும் எண்ணம் கெட்டது. வெளிச்சம் மங்குமுன் வூட்ஸ்டொக்கில் ஒரு மோட்டலில் இறங்கிவிட்டோம். மங்கின பிறகு என்னால் ஓட்ட முடியாதென்று இல்லை. அவசரம் இல்லை, அவ்வளவுதான்.

ஒக்டோபர் 13, வெள்ளி

அந்தப் பெண் அந்த இடத்தில் நின்றிருக்கக் கூடாது.

ஒக்டோபர் 13, வெள்ளி. மாலை, டார்ட்மத், ஆரணி வீடு

மேலே எழுதியதைக் கிழிக்க நினைத்தேன். கிடக்கட்டும். வீதியோரக் கோப்பிக்கடையில் எழுதியது அது.

நடந்தது இதுதான். மொங்டனுக்கு முன்னால் வீதி வேலை. கூம்பு வைத்து ஒரு பாதையை அடைத்திருந்தார்கள். "மெதுவா, மெதுவா" என்று கமலாசினி சொல்லிக்கொண்டு வந்தாள், நானும் மெதுவாகத்தான் வந்தேன். திடீரென்று "இடப்பக்கம்!" என்று கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். கூம்பு ஒன்று காருக்கு அடியில் போனது. நின்ற பிறகு தலையைத் திருப்பிப் பார்த்தால், நிறுத்தச் சொல்லும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் புல்லில் விழுந்து கிடந்தாள். கார் படவில்லை. தானாகப் பாய்ந்து விழுந்திருக்கிறாள்.

எழும்பி யன்னலுக்கு வந்தாள். ஆரணியின் வயதுதான் இருக்கும். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அவள் முகம் வெளிறிப்போய், "நீங்கள் என்னைக் காணவேயில்லை, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். செம்மஞ்சள் உடுப்பு, தலையில் செம்மஞ்சள் தொப்பி, கையில் அந்தப் பெரிய சிவப்புப் பலகை. நான் காணவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்குக் கவனமாகப் போங்கள் என்றாள்.

அது வெள்ளிக்கிழமை ராகுகாலம். 

அடுத்த வெளியேறும் வழியில் இறங்கிக் கோப்பிக்கடையில் நிறுத்தினேன். கோப்பி குடித்துவிட்டுக் காருக்கு வந்தபோது, கமலாசினி கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தாள். லைசன்ஸ். அவளுடைய படம். மூக்குக்கண்ணாடியோடு, பயந்த முகத்தோடு.

"இது எப்ப?"

"ஆவணியில பாஸ் பண்ணினனான்."

"ஆர் பழக்கினது?"

"சனிக்கிழமையில ஒரு மாஸ்டர்."

"அப்ப பண்ணிசை?"

"எனக்கு என்ன குரலப்பா இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. காரைச் சுற்றி நடந்தேன். களவாகப் பழகினீரா, புருசன் டாக்சிக்காரன், அவனிடம் கேட்க வாயில்லையா என்று கத்தினேன். கோப்பிக்கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் காருக்குள்ளேயே இருந்தாள்.

"கேட்டா தந்திருப்பியளோ? தையில கராஜுக்குள்ள இடிச்சனியள். அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. உங்கட இடப்பக்கமா நான் நடக்கத் துடங்கி எவ்வளவு காலம் எண்டு உங்களுக்குத் தெரியுமே? கோப்பையை இடப்பக்கம் வச்சா தட்டிப் போடுவியள் எண்டு வலப்பக்கம் வைக்கிறன், அதாவது தெரியுமே?"

"தெரிஞ்சா ஏன் என்னை ஓட விட்டனீர்?"

"நீங்களா தருவியள் எண்டு பாத்தன். நேற்று ரெண்டு ராகுகாலம் பாத்தபோது, இப்ப தருவார், இப்ப தருவார் எண்டு இருந்தன்." அவள் அழுதாள். "என்ர பிழையும்தான். பலகை பிடிச்ச அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா?"

"ஆரணிக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"என்ன சொன்னவள்?"

சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் விடவில்லை.

"அப்பா ஓட்டுற காரில பிள்ளையை ஏத்த மாட்டாளாம்."

 வலப்பக்கக் கதவைத் திறந்து, அவள் இறங்க, அவளுடைய இடத்தில் ஏறினேன். கமலாசினி ஓட்டுகிற பக்கம் போய் இருந்து, சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, சுவாமி கும்பிட்டு, திரும்பவும் கண்ணாடிகளைச் சரிசெய்தாள். அதற்குள் விமானமே எழும்பியிருக்கும்.

ஓட்டினாள். வலப்பக்கப் பாதையை விட்டு லேசில் அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள், ஒரு இழுவை வண்டி உட்பட. "வேகமா அமத்தும், அமத்தும்" என்று நான் சொல்ல, "கதையாதேங்கோ" என்றாள். மாகாண எல்லைச் சதுப்பு நிலத்தில் காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. கொபெக்விட் மலை ஏற்றத்தில் கமலாசினியின் உள்ளங்கை வியர்த்து, ஒரு கையை மாற்றி மறு கையைத் துடைத்தாள். ஆனால் ஒரு தடவைகூடத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்காமல் பாதை மாறவில்லை. நான் அப்படிப் பார்த்து எத்தனையோ வருடம்.

டார்ட்மத்தில் ஆரணியின் தெரு முனையில் காரை ஓரங்கட்டினாள்.

"நீங்கள் ஓட்டிக்கொண்டு போங்கோ. ஒரு சின்னத் தூரம்தானே. ஆரணி வாசல்ல நிப்பாள்."

எனக்கு அவள் மேலிருந்த கோபம் எல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இடம் மாறி இருந்து ஓட்டினேன். ஆரணி வாசல்படியில் சால்வை போர்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே திருப்பும்போது இடப்பக்கம் வைத்திருந்த பச்சைக் குப்பைத் தொட்டி உருண்டு விழுந்தது.

"பரவாயில்லை அப்பா" என்றாள் ஆரணி. தொட்டியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

ஒக்டோபர் 14, சனி

பேத்தியைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி பாலம் தாண்டி ஹலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பிள்ளை ஒரு முழம்கூட இல்லை. மூக்கிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விடுவார்களாம். என் விரலைப் பிடித்தாள். பிடித்த பிடி பலமானது, என் அம்மா வழி.

வீடு முழுக்கப் பால்சுறா மணக்கிறது. ஆரணி முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். நாங்கள் மூவரும் எல்லாம் பேசுகிறோம். கார் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு

மழை. பிள்ளை இருக்கையைக் காரின் பின்சீட்டில் பூட்டினேன். புத்தகத்தைப் பார்த்துப் பூட்டி, கழற்றி, திரும்பவும் பூட்டினேன். என் பொழுதெல்லாம் அந்தக் காருக்குள்தான் போனது.

ஒக்டோபர் 16, திங்கள்

குளித்துவிட்டு வந்து கதவு நிலையில் இடித்துக்கொண்டேன். இடது தோள். இந்த வீட்டுத் தச்சனைக் குறை சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

ஒக்டோபர் 17, செவ்வாய்

காலையில் காரைத் துடைத்தேன். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். வெளிக்கிடுகிற நேரம் வந்தது. பழக்கம், கால் தானாக இடப்பக்கக் கதவுக்குப் போனது. ஏறி இருந்து, திறப்பைப் போட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்தேன். கமலாசினி நன்றாகத்தான் சீட்டை முன்னுக்கு இழுத்திருக்கிறாள், அன்று தெரு முனையிலிருந்து நான் ஓட்டிய அந்தச் சின்னத் தூரத்தில் அதைப் பின்னுக்குத் தள்ளவும் மறந்திருக்கிறேன். முழங்கால் இடித்தது.

ஆரணி படியை விட்டு இறங்கவில்லை. பிள்ளைக்குப் போர்க்கக் கொண்டுவந்த கம்பளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அப்பா இறங்குங்கோ என்று அவள் சொல்லவில்லை. சொல்லும் பிள்ளையாக நான் வளர்க்கவில்லை. ஏறவும் இல்லை. கமலாசினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

புல்லிலிருந்து எழும்பி வந்த அந்தப் பெண்ணின் முகம் வந்தது. அவளையும் பிறந்தபோது யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்தானே.

இறங்கினேன். திறப்பைக் கமலாசினியிடம் நீட்டினேன். எனக்கு அழுகை வந்தது. ஒளிக்க இதில் என்ன இருக்கிறது?

"பாலத்தில இறுக்கிப் பிடியாதையும். காற்றுக்குக் கொஞ்சம் விட்டுப் பிடியும்" என்றேன்.

"ஓமப்பா" என்றாள்.

"டொக்டர் சொன்னது துளிமருந்து மட்டுமில்லை" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

ஆரணி படியிறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். தையல் நோகும் என்று நான்தான் விலக்கினேன்.

ஆஸ்பத்திரியில் தாதி பிள்ளையைக் கொண்டுவந்து இருக்கையில் வைத்து, நான் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, அருமை என்றாள். அந்த இருக்கை பின்சீட்டில் வலப்பக்கம். நான் இடப்பக்கம், கமலாசினிக்கு நேர் பின்னால் இருந்தேன். ஆரணி முன்னுக்கு. கமலாசினி கண்ணாடிகளைச் சரிசெய்தாள், கும்பிட்டாள், திரும்பவும் சரிசெய்தாள். இந்த முறை நான் மூச்சுக் காட்டவில்லை.

நகரத்துக்குள் வாகனம் நெருக்கம். நான் பின்னாலிருந்து பலகைகளை வாசித்தேன். "பாலத்துக்கு வலப்பக்கப் பாதை." "முன்னுக்குச் சிவப்பு." தெரிந்ததை வாசித்தேன். தெரியாததை அவள் பார்த்துக்கொண்டாள். சும்மா இருங்கோ என்று அவள் ஒரு தரமும் சொல்லவில்லை.

பாலம் ஏறியது. காற்று. கமலாசினி விட்டுப் பிடித்தாள்.

"அப்பா, உங்கட இடப்பக்கம் பாருங்கோ, எவ்வளவு கப்பல்!" என்றாள் ஆரணி.

நான் திரும்பவில்லை. வலப்பக்கத்தில் பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.